கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு உலக்கை அருவிக்குப் போன நாள்

காலாண்டு விடுமுறையின் கடைசி ஞாயிறு. என்னோடு வருவதாக இருந்த தோழிக்கு முந்தைய நாள் ராத்திரி காய்ச்சல். "நீ போகாதே, அடுத்த வாரம் சேர்ந்து போவோம்" என்றாள். நான் கேட்கவில்லை. எனக்கு வயது 43, தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் அரையாண்டுத் தேர்வு வரைக்கும் ஒரு காலைப்பொழுது கூட எனக்கென்று கிடைக்காது. அதனால் தனியாகவே கிளம்பிவிட்டேன். தனியாகக் காட்டுக்குப் போகிறேன் என்றால் வீட்டில் விடமாட்டார்கள். மாமியிடமும் வீட்டுக்காரரிடமும் பூதப்பாண்டி கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே ஒரு சிநேகிதி வீட்டுக்கும் போய்விட்டு மத்தியானத்துக்குள் வருகிறேன் என்று சொன்னேன். கணுக்கால் எலும்பு முறிந்ததை விட, போன ஐம்பதாயிரம் ரூபாயை விட, இந்த ஒரு பொய்யை நினைத்துத்தான் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் கெடுகிறது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

என் தைரியத்துக்குக் காரணம் மருத்துவாழ்மலை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற வழியில் இருக்கும் அந்த மலையில் ஐந்தாறு தடவை ஏறியிருக்கிறேன். விடியும்முன் ஏறி, உச்சியில் நின்று ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் காற்றாலைகளும் பார்த்துவிட்டு எட்டரைக்கெல்லாம் வீட்டில் வந்து தோசை சுட்டிருக்கிறேன். அதனால் மலை ஏறுவது எனக்குப் பழக்கம் என்றே நினைத்துக்கொண்டேன். ஆனால் அது வெயில் காயும் மொட்டைப் பாறை மலை. கொஞ்ச தூரம் படிகள் உண்டு, கோயில்கள் உண்டு, வழிநெடுக ஆள் நடமாட்டமும் உண்டு. கத்தினால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். அருவி இருக்கிற மலை என்பது வேறு. அங்கே பாறையில் எப்போதும் ஈரம் இருக்கும், பாசி இருக்கும், மேலே எங்கேயோ பெய்த மழை ஒரு மணி நேரம் கழித்து நம் காலடிக்கு வரும். ஒரே மாவட்டத்தில் இருபது முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இந்த இரண்டும் இரண்டு வேறு உலகம். ஒன்றில் ஏறியதை வைத்து இன்னொன்றைக் கணக்குப் போடாதீர்கள்.

வடசேரியில் ஐந்தே முக்காலுக்கு டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ். அழகியபாண்டியபுரம் பக்கம் இறங்கும்போது நன்றாக விடிந்துவிட்டது. ஒரு கடையில் சாயா குடித்துவிட்டு, "அருவிக்குப் போலாமா அண்ணாச்சி, தண்ணி கெடக்கா?" என்று கேட்டேன். "தண்ணி நெறைய கெடக்கு, போலாம்" என்றார் கடைக்காரர். அவ்வளவுதான் நான் செய்த விசாரணை. உண்மையில் நான் கேட்டிருக்க வேண்டியது வனத்துறையிடம். அது காப்புக்காடு. இன்றைக்கு உள்ளே விடுகிறார்களா, இரண்டு நாளாக மேலே மழையா, யானை நடமாட்டம் இருக்கிறதா, இதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். முந்தைய நாளே ஒரு போன் போட்டுக் கேட்பதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அன்றைக்கு எனக்கு அது தோன்றவே இல்லை.

வாழைத் தோட்டம், ரப்பர் தோட்டம் எல்லாம் தாண்டி மரநிழலுக்குள் நுழையும்போது ஏழே முக்கால். அந்த நடையைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். ரப்பர் மரங்களில் சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. மண்ணில் ராத்திரி மழையின் வாசம். வழியில் ஒரு ஓடை குறுக்கிடுகிறது. கணுக்கால் அளவு தண்ணீர், கண்ணாடி மாதிரி, அடியில் கிடக்கிற கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. செருப்பில்லாமல் நடக்கிற சுகத்துக்காகவே ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தேன். ஒன்பது மணிக்கு அருவி. நான்கைந்து பேர்தான் இருந்தார்கள். முகத்தில் சாரல் அடிக்க ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், கொண்டுபோன நான்கு இட்லியையும் அங்கேயே சாப்பிட்டு முடித்தேன். அப்படியே திரும்பியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

குளித்துவிட்டு வந்த இரண்டு பையன்கள் பக்கத்து மேட்டைக் காட்டி, "அந்தப் பாறைக்குப் போனா நாஞ்சில்நாடு முழுக்கத் தெரியும் அக்கா, அரை மணி நேரந்தான்" என்றார்கள். அவர்களும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் பின்னால் போனேன். பாதையை விட்டு விலகிக் காப்புக்காட்டுக்குள் போவது சட்டப்படியே தப்பு. எனக்கு அது தெரியும், தெரிந்தேதான் போனேன். இருபது வயதுப் பையன்களின் அரை மணி நேரம் எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. நான் போய்ச் சேரும்போது அவர்கள் படம் எடுத்து முடித்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். "பார்த்து வாங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் வழியில் சேர்ந்த துணை பாதி வழிக்குத்தான். அவர்களை நம்பி நான் ஏறியிருக்கக் கூடாது.

அந்தப் பாறையிலிருந்து பார்த்தது நிஜமாகவே அழகு. பச்சையாக நெல்வயல், இடையிடையே குளங்கள், தென்னந்தோப்பு, தூரத்தில் வெளிறிப்போன ஒரு கோடு, அது கடல். நல்ல வெயில். அங்கேதான் நான் ஏமாந்தேன். பாறை பார்த்திருந்தது தெற்கே, சமவெளிப் பக்கம். மழை வந்தது எனக்குப் பின்னால், மலைப் பக்கமிருந்து. முன்னால் வெயில் அடிக்கும்போது பின்னால் திரும்பிப் பார்க்க யாருக்குத் தோன்றும்? நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் வரும் புரட்டாசியில் காலையில் வெயில் சுள்ளென்று அடித்து, மதியத்தில் மலையில் இடி இடித்துக் கொட்டும். ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாத விஷயம் இல்லை. மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க மட்டும்தான் அந்த அறிவைப் பயன்படுத்தியிருக்கிறேன். இப்போது யார் கேட்டாலும் சொல்வது இதுதான்: இத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன் என்று திட்டம் போடாதீர்கள், இத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று போடுங்கள். பத்து மணி என்றால் பத்து மணி. அருவியைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் திரும்பிவிட வேண்டும். காட்சிமுனையில் நிற்கும்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் முதுகுப் பக்கம் இருக்கிற வானத்தையும் பாருங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பாறையில் என் போனுக்கு இரண்டு கோடு சிக்னல் இருந்தது. நான் எடுத்த படங்களை அங்கிருந்தே தோழிக்கு அனுப்பியிருக்கலாம், இருக்கும் இடத்தை அனுப்பியிருக்கலாம், அத்தை மகளுக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. கீழே பள்ளத்துக்கு இறங்கியதும் சிக்னல் சுத்தமாகப் போய்விட்டது. மலையில் உயரமான, திறந்த இடத்தில்தான் டவர் கிடைக்கும். ஆபத்து வருவதோ பெரும்பாலும் இறக்கத்தில், ஓடைப் பள்ளத்தில். ஆகவே மேலே நிற்கும்போதே தகவல் சொல்லிவிட்டு இறங்குங்கள். நம் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் எட்டினால் 112 போகும், அதனால் அதை முயன்று பாருங்கள். எதுவுமே இல்லையென்றால் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி இறங்கிப் போனது. போதாக்குறைக்கு மழையில் நனைந்து மூன்று மணிக்கு முழுவதுமாக அணைந்துவிட்டது.

சரி, விழுந்த கதைக்கு வருகிறேன். பதினொன்றே முக்காலுக்குத் துளி விழுந்தது. அவசர அவசரமாக இறங்கினேன். என் காலில் இருந்தது ஸ்டேடியத்தில் காலை நடைக்கு வாங்கிய ஷூ. இரண்டு வருஷம் போட்டு அடிப்பாகம் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஒரு சரிவுப் பாறையில் வலது கால் வழுக்கி, இடது கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. உடம்பு ஒரு பக்கம் போக, கால் அங்கேயே நின்றது. உள்ளே சுள்ளி ஒடிவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வலி அப்புறம்தான் வந்தது. உட்கார்ந்த உடனே நான் செய்த காரியம், ஷூவைக் கழற்றிப் பார்த்தது. பத்து நிமிஷத்தில் கணுக்கால் வீங்கி ஒரு தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது, ஷூ திரும்ப நுழையவே இல்லை. பிறகு டாக்டர் சொன்னார்: இறங்கி வரும் வரைக்கும் அந்த ஷூவே ஒரு கட்டு மாதிரி, கழற்றியிருக்க வேண்டாம், விரல்கள் மரத்துப் போகாமல் இருந்தால் லேஸை மட்டும் தளர்த்தினால் போதும். நான் துப்பட்டாவைக் கிழித்துக் காலைச் சுற்றிக் கட்டினேன்.

எழுந்து நிற்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே கையை ஊன்றி ஒவ்வொரு கல்லாக நகர்ந்தேன். ஏறும்போது பத்து நிமிஷம் ஆன தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. கத்திப் பார்த்தேன், மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அழுதேன். மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள், அவளுக்கு அந்த மாதம் கட்ட வேண்டிய ஹாஸ்டல் பணம் நினைவுக்கு வந்தது. ஏன் அது நினைவுக்கு வந்தது என்று தெரியவில்லை. உயிர் போய்விடுமோ என்கிற பயத்தில் மனசு இப்படிச் சின்னச் சின்னக் கணக்குகளைப் பிடித்துக்கொள்கிறது.

ஓடைக் கரைக்கு வந்தபோது ஒன்றேகால் இருக்கும். காலையில் கூழாங்கல்லை எண்ணிப் பார்த்த அதே ஓடை, செம்மண் கரைத்த நிறத்தில் முழங்காலுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. சருகும் குச்சியும் வேகமாக அடித்துக்கொண்டு வந்தன. உருண்டு வருகிற கற்கள் அடியில் மோதும் சத்தம் தனியாகக் கேட்டது. இரண்டு கால் நன்றாக இருந்தாலும் அதில் இறங்கக் கூடாது. முழங்கால் அளவு ஓட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகப் போதும். தண்ணீர் நிறம் மாறினாலோ, திடீரென்று சருகு மிதந்து வந்தாலோ, சத்தம் கூடினாலோ உடனே மேட்டுக்குப் போய்விட வேண்டும். மலை ஓடை ஏறுகிற வேகத்திலேயே இறங்கவும் செய்யும். மழை நின்றால் இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிந்துவிடும். காத்திருப்பதுதான் வழி. நான் அன்று சரியாகச் செய்த ஒரே காரியம் அந்த ஓடையில் இறங்காமல் இருந்தது.

காத்திருக்கும்போதுதான் அட்டைகள். முதலில் ஒன்றைப் பிய்த்து எறிந்தேன், அந்த இடத்தில் சாயங்காலம் வரை ரத்தம் நிற்கவில்லை. அது கடிக்கும்போதே ரத்தம் உறையாமல் இருக்க ஒன்றைச் செலுத்திவிடும், அதனால்தான் அப்படி ஒழுகும். பிய்க்கக் கூடாது. உப்பு பட்டால் தானாக விழும். ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் உப்பைத் துணியில் கிழியாகக் கட்டி ஒரு குச்சி நுனியில் வைத்திருப்பார்கள், அட்டை ஏறினால் அதை வைத்து ஒரு தொடு. இரண்டு ரூபாய் செலவு இல்லாத பொருள். என்னிடம் அது இல்லை. குளிரில் உடம்பு நடுங்கியது. ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர் இருந்திருந்தால் தலை வழியாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அதுவும் இல்லை. இருந்தது ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில்.

மழை குறைந்ததும் அந்தப் பாட்டிலைக் கல்லால் தட்ட ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பது மாதிரி மூன்று மூன்றாக. குரலை விட அந்தச் சத்தம் தூரம் போகும் என்று தோன்றியது. தட்டுவேன், நிறுத்தி நூறு வரை எண்ணுவேன், மறுபடி தட்டுவேன். எத்தனை முறை என்று தெரியாது. நாலு மணி போல அக்கரையில் ஒரு குரல், "ஆருவிளே அது?" என்று. தோட்டத்தில் காவலுக்கு இருக்கிற ஒரு பெரியவரும் அவர் வீட்டம்மாவும். "காட்டுக்குள்ள எந்தப் பள்ளிக்கூடம்னுல்லா நெனச்சேன்" என்றார். அவர் உடனே ஓடையில் இறங்கவில்லை. கரையில் ஒரு கல்லைக் காட்டி, "அந்தக் கல்லு தெரியட்டும் மக்களே, அதுவரைக்கும் அனங்காம இரி" என்றார். அரை மணி நேரம் கழித்துக் கல்லின் தலை தெரிந்தது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அந்த அக்கா முதலில் செய்தது, மடியிலிருந்து உப்பை எடுத்து என் கால் முழுக்கத் தேய்த்தது. "எதுக்கு மக்களே ஒத்தைக்கு வந்தே?" என்று ஒரே ஒரு தரம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, அவரும் திரும்பக் கேட்கவில்லை. அவர் தோளில் ஒரு கையும் பெரியவர் வெட்டிக் கொடுத்த கம்பில் ஒரு கையுமாகத் தோட்டத்துப் பாதைக்கு வரும்போது இருட்டிவிட்டது.

பெரியவரின் போனில் வீட்டுக்காரருக்குப் பேசும்போது ஏழு மணி. அவர் எங்கே இருந்தார் தெரியுமா? பூதப்பாண்டியில். மூன்று மணி வரை பார்த்துவிட்டு, போன் எடுக்கவில்லை என்றதும் கோயிலுக்கு வந்து பிரகாரம் முழுக்கத் தேடி, பூக்கடையில் என் போட்டோவைக் காட்டிக் கேட்டு, அப்புறம் பழையாற்றுப் படித்துறையில் போய் நின்றிருக்கிறார். ஆற்றில் தண்ணீர் கூடுதலாக ஓடியதாம். அங்கே குளித்துக்கொண்டிருந்தவர்களிடம், "காலையில யாராவது பொம்பள இறங்கினதைப் பார்த்தீங்களா" என்று கேட்டிருக்கிறார். நான் இருந்த இடத்துக்கும் அவர் தேடிய இடத்துக்கும் அதிக தூரம் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் நாலு மணிக்கே ஓடைக் கரைக்கு ஆட்களோடு வந்திருப்பார். நான் சொன்ன பொய் அவரை ஆற்றங்கரையில் நிற்க வைத்தது. போனில் என் குரலைக் கேட்டதும் அவரால் பேச முடியவில்லை. திட்டக்கூட இல்லை. வீட்டில் சண்டை வந்தாலும் வரட்டும், போகும் இடத்தை உள்ளபடி ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். எந்த பஸ், எந்தப் பாதை, எத்தனை மணிக்குப் போன் வராவிட்டால் தேட வேண்டும், அவ்வளவும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரியே ஆட்டோவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம், ஆட்டோ 700. அங்கே எக்ஸ்ரே, ஊசி, ஒரு ராத்திரி படுக்கை எல்லாம் 6,400. பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், 85,000 ஆகும் என்றார்கள். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளாமல் காலையில் எக்ஸ்ரேயைக் கையில் வாங்கிக்கொண்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். எலும்பு விலகவில்லை, கீறல்தான், மாவுக்கட்டு போதும் என்றார்கள். ஐந்து வாரக் கட்டில் எலும்பு சேர்ந்துவிட்டது. வலியில் இருக்கும்போது ஆபரேஷனுக்கு உடனே தலையாட்டாதீர்கள், எக்ஸ்ரேயை இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். போன் பழுது 3,200. பள்ளியில் மருத்துவ விடுப்புக்குச் சம்பளம் கிடையாது, 17,000 போனது. சாயங்கால டியூஷனில் 14 பிள்ளைகள், ஆளுக்கு 800 என்று இரண்டு மாதத்துக்கு 22,400. மொத்தம் 49,700. டியூஷன் பிள்ளைகளில் ஆறு பேர் வேறு இடத்துக்குப் போனவர்கள் திரும்பவில்லை, அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

காட்டு நடையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். முறையாகப் போக வழி இருக்கிறது. 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் சிக்கி இறந்த குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024ல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று மாநிலம் முழுக்க 40 பாதைகளை வனத்துறை மூலம் திறந்தார்கள். நம் மாவட்டத்தில் காளிகேசமும் மாறாமலையும் அதில் உண்டு. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களும் பழங்குடி இளைஞர்களும் வழிகாட்டிகளாகக் கூட வருவார்கள். கோடையில் காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள் என்பதால் தேதி பார்த்துப் போட வேண்டும். பணம் கட்ட வேண்டுமா என்று முன்பு நானே யோசித்திருக்கிறேன். என் கணக்கோடு வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

தை மாதம் கால் சரியானதும் வீட்டுக்காரரோடு போய் அந்தப் பெரியவரையும் அக்காவையும் பார்த்துவிட்டு வந்தேன். வேட்டியும் புடவையும் வாங்கிக் கொண்டுபோனோம். அந்த அக்கா மரச்சீனிக் கிழங்கு அவித்துக் காந்தாரி மிளகாய்த் துவையலோடு வைத்தார். கிளம்பும்போது என் ஷூவைத் திருப்பச் சொல்லி அடிப்பாகத்தைப் பார்த்தார் பெரியவர். புதிது, நல்ல பிடிமானம் உள்ளது. ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார்.

இப்போது அடுக்களைக் காலண்டரில் ஒரு தேதிக்குக் கீழே "காளிகேசம், இரண்டு பேர், மதியம் 2க்குள் போன்" என்று எழுதி வைத்திருக்கிறேன். மாமிக்கு எழுத்து சரியாகத் தெரியாது என்பதால் ஒரு தடவை வாசித்தும் காட்டினேன். நேற்று ராத்திரி பார்க்கிறேன், ஒரு பழைய வேட்டித் துண்டைக் கிழித்து உப்பைக் கிழியாகக் கட்டிக்கொண்டிருக்கிறார், இரண்டு.